லேடி வாய்ஸ் இல்லாத கச்சேரி

"எல்லாம் சரி தம்பி... பாடுறதுக்குப் பொம்பளப் பிள்ளை உண்டுல்ல?"

கச்சேரி பேச எந்த ஊர்க் கமிட்டி வந்தாலும் முதல் கேள்வி இதுதான். ரேட் என்ன என்பதுகூட இரண்டாவதாகத்தான் வரும். நான் எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு, "லேடி வாய்ஸ் உண்டு அண்ணாச்சி" என்பேன். பொய் இல்லை சார். லேடி வாய்ஸ் உண்டு. லேடிதான் கிடையாது.

விருதுநகரில் எட்டு ஆம்பளைகள் சேர்ந்து நடத்தும் மெல்லிசைக் குழு எங்களுடையது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஸ்பீக்கர் செட்காரர் பழைய பாக்கிக்காகப் பத்திரிகை ஆபீஸுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். எட்டுப் பேரில் ஏழு பேருக்குக் குரலோ வாத்தியமோ ஏதாவது ஒன்று உண்டு. எட்டாவது ஆளான எனக்கு பி.காம். உண்டு. ஆகவே நான் பொருளாளர். மேடையில் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று கையில் ஒரு டாம்பரினைக் கொடுத்து இடது ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். "மாப்ள, நல்லாத் தட்டு. ஆனா சத்தம் மட்டும் வந்துரக் கூடாது" என்பது டிரம்ஸ்காரரின் நிரந்தர உத்தரவு.

பாடகி ஏன் இல்லை என்றால், எல்லாம் கணக்குதான். மதுரையிலிருந்து வரவேண்டும். அவருக்குச் சம்பளம், துணைக்கு வரும் அம்மாவுக்குச் சாப்பாடு, ராத்திரி பத்தரைக்குத் திரும்பிப் போகக் கார். ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். எங்கள் எட்டுப் பேர் சம்பளத்தையும் சேர்த்தால் வருகிற தொகையைவிட 300 ரூபாய் கூடுதலாக வந்தது. அன்றோடு அந்தப் பேச்சை மூடியாயிற்று.

அதற்குப் பதில் எங்களிடம் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருக்கிறார். மீசை இரண்டு பக்கமும் காதைத் தொடும். பாலிசி போடச் சொல்லி அவர் வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தைகள் அழும். அவர்தான் எங்கள் லேடி வாய்ஸ். கண்ணை மூடிக் கேட்டால் சாட்சாத் சினிமாப் பாடகிதான். கண்ணைத் திறந்தால் பொறுப்பு நாங்கள் அல்ல. முதல் பாட்டுக்குக் கூட்டம் சிரிக்கும். இரண்டாவது பாட்டுக்கு விசில் வரும். மூன்றாவது பாட்டு முடியும்போது யாராவது ஒரு பாட்டி மேடைக்குப் பின்னால் வந்து, "பாடுன பிள்ளை எங்கப்பா, ஒரு வாய் சாப்பிட்டுச்சா?" என்று தேடும். மீசையைக் காட்டினால் நம்பாது.

மற்றவர்கள் யார் யார் என்கிறீர்களா? டி.எம்.எஸ். பாட்டுக்கு ஒரு பருப்பு மண்டி அண்ணாச்சி. 60 வயதுக்கு மேல். துவரம் பருப்பு விலை ஏறினால் மேல் ஸ்தாயி தாராளமாக வரும், இறங்கினால் கமறும். கீபோர்டு அண்ணனுக்குச் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. தினசரி காலண்டர் அடிக்கிற இடம். வருஷம் பிறக்க ஆறு மாதம் இருக்கும்போதே, அடுத்த வருஷம் எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது, எவ்வளவு கச்சேரி போகும் என்று சொல்லிவிடுவார். டிரம்ஸ்காரர் டூ வீலர் மெக்கானிக். இன்னும் இரண்டு பேர் தபலா, பேஸ் கிட்டார். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நேரத்துக்கு வருவார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் பாலு. அவர் நிஜப்பெயர் வேறு. எஸ்.பி.பி. குரலில் பாடுவதால் ஊர் வைத்த பெயர் அது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை. அலுமினியப் பவுடரோடு புழங்குகிறவர்கள் சாயங்காலம் வெளியே வரும்போது பார்த்திருக்கிறீர்களா? தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். பாலு அண்ணன் ஷிப்ட் முடிந்து குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி மேடையேறினாலும் காதோரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஃபோகஸ் லைட் விழுந்தால் மினுமினு என்று மின்னும். "ஆர்ட்டிஸ்ட்டுக்கு மேக்கப்பெல்லாம் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்கப்பா" என்று கமிட்டிக்காரர்கள் பெருமைப்படுவார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

பெண் இல்லாமல் ஒரு பாட்டுக் குழுவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் ஒரு பெரிய இடத்து உதாரணம் வைத்திருக்கிறேன். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள். மூத்தவர் பாவலர் வரதராஜன். அவருக்குப் பின்னால் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். 'பாவலர் பிரதர்ஸ்' என்று பெயர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைதான் அவர்கள் மேடை. ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கூலி உயர்வையும் விலைவாசியையும் வைத்துப் பாவலர் பாடுவார். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். மலை மேல் தேயிலைத் தோட்டத்தில் ஓட்டுப் போடுகிறவர்களில் ஏகப்பட்ட பேர் தமிழர்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசி என்ன பிரயோசனம்? பாவலர் ஆர்மோனியத்தோடு மலையேறினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். ஜெயித்ததில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவில் லேடி வாய்ஸ் யார் தெரியுமோ? சிறுவன் இளையராஜா. அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். மகரக்கட்டு உடைந்ததும் பெண் குரல் போயிற்று. சும்மா கூட்டிக்கொண்டு போக முடியாதே, ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். குரல் உடையாமலே இருந்திருந்தால் தமிழ் சினிமாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் இதை நான் சொன்னபோது, "எனக்கு உடையலியேப்பா, நான் என்ன செய்யட்டும்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

தம்பிகள் 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போனார்கள். அங்கே எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தார்கள். ஆக, எஸ்.பி.பி.யும் இளையராஜாவும் முதலில் நம்மைப் போல மைக் செட்டுக்காகக் காத்திருந்த ஜாதிதான். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். அதைக் கேட்க அண்ணன் பாவலர் இல்லை. 1973-லேயே போய்விட்டார். கீபோர்டு அண்ணன் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே பேசுவார். அவரும் வீட்டுக்கு மூத்தவர்.

2017-ல் எஸ்.பி.பி.க்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும், அனுமதி இல்லாமல் என் பாட்டை மேடையில் பாடக் கூடாது என்று. எங்கள் குழுவில் அன்று இரவு அவசரக் கூட்டம். "அவங்களுக்கே நோட்டீஸ்னா நம்ம கதி?" என்றார் டிரம்ஸ்காரர். மண்டி அண்ணாச்சி நிதானமாக, "நீங்க வாசிச்சா அது எந்தப் பாட்டுன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும்ல" என்றார்.

எங்கள் சீசன் பங்குனியும் சித்திரையும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், சிவகாசியில் பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல், நடுவில் சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று சின்னச் சின்ன ஊர்கள். பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, அம்மன் பாட்டு இரண்டு, அப்புறம் டி.எம்.எஸ்., அப்புறம் பாலு. நடுநடுவே துண்டுச் சீட்டு வரும். பாட்டுக் கேட்டு வரும் சீட்டைவிட, 'அன்னார் அன்பளிப்பு ரூபாய் 101' என்று மைக்கில் படிக்கச் சொல்லி வரும் சீட்டுதான் அதிகம். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்து விதி. ஒன்பதே முக்காலுக்கே போலீஸ்காரர் மேடைக்கு முன்னால் வந்து கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். ஒரு தடவை அதே போலீஸ்காரரே சீட்டு அனுப்பினார், எம்.ஜி.ஆர். பாட்டு வேண்டும் என்று. பத்தே காலுக்கு முடித்தோம்.

தர்மக் கச்சேரியும் உண்டு. முதல் தர்மக் கச்சேரிக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவதாக ஏற்பாடு. வசூல் 11,340 ரூபாய். செலவு: ஸ்பீக்கர் செட் 5,500, மேடை, பந்தல் 2,800, நோட்டீஸ் 900, சிறப்பு விருந்தினர் ஆறு பேருக்குப் பொன்னாடை 1,080, பரோட்டா, டீ 1,640. கூட்டினால் 11,920. நோட்டுப் புத்தகத்துக்கு மீதி: மைனஸ் 580. ஹெட்மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்றைக்குத்தான் மண்டி அண்ணாச்சி எங்களை நிற்க வைத்துத் திட்டினார். விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலா என்கிற பள்ளிக்கூடம் 1889-ல் ஆரம்பித்தது. காமராஜர் படித்த பள்ளி. அது எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, அதைச் சேர்த்து விற்று நடத்தினார்கள். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். "பிடி அரிசியில பள்ளிக்கூடம் கட்டுன ஊருல, நோட்டுப் புத்தகத்துக்கு வந்த காசுல பரோட்டா தின்னுருக்கீங்களேடா" என்றார். (அவரும் நாலு தின்றார். கேட்க எங்களுக்குத் தைரியமில்லை.)

அதோடு சட்டம் போட்டார். தர்மக் கச்சேரி என்றால் செலவு எட்டுப் பேர் கைக்காசு. உண்டியல் டின்னில் விழுந்ததில் ஒரு பைசா தொடக்கூடாது. மேடையை விட்டு இறங்குமுன் பொருளாளர் மைக்கில் கணக்கு வாசிக்க வேண்டும். இப்படித்தான் எனக்கும் மைக் கிடைத்தது.

நடுவில் 2018 வந்தது. அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். நவம்பரில் பட்டாசு ஆலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. பாலு அண்ணனுக்குச் சம்பளம் இல்லை. மதினி தீப்பெட்டிக் கட்டு ஒட்டி வீட்டை ஓட்டினார்கள். அந்தச் சீசனில் எங்களுக்கும் பாதிக் கச்சேரி போயிற்று. முதலாளிகள் நன்கொடை கொடுத்தால்தானே கமிட்டி எங்களைக் கூப்பிடும்? இதில் ஒரு வேடிக்கை, கொடுமையான வேடிக்கை. நாலு மாதம் பவுடரை மூச்சில் வாங்காததால் பாலு அண்ணன் குரல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. 'கேளடி கண்மணி' படத்தில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடுவாரே, அந்தப் பாட்டை அந்த வருஷம் பாடினதுபோல் அவர் அதற்கு முன்னும் பாடினதில்லை, பின்னும் பாடினதில்லை. "பேசாம வேலைக்குப் போகாத அண்ணே" என்றேன். "சோத்துக்கு நீ டாம்பரின் வாசிப்பியா?" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சித்திரை. மத்தியானம் பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு, வெடிச்சத்தம் வேறு என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிக்கு அப்புறம் யாரும் வேடிக்கை பார்க்கவும் ஓடுவதில்லை. அன்று செத்த 30-க்கும் மேற்பட்டவர்களில், காப்பாற்றப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் பலர். நாங்கள் ஆளுக்கொரு நம்பருக்குப் போன் போட்டோம். பாலு அண்ணன் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் அறையில் நாலு பேர். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அங்கேயே போய்விட்டார்கள். இன்னொருவருக்கு முதுகெல்லாம் காயம். பாலு அண்ணனுக்கு இரண்டு கையும் நெஞ்சும். மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு ராத்திரி மாறி மாறி இருந்தோம்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் கீபோர்டு அண்ணன் தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு. நிலக்கரிச் சுரங்க நாடு. கோட்டுப் போட்ட கிழவர்கள் நாலு வரிசையாக நின்று பாடுகிறார்கள். எல்லாரும் ஆம்பளைகள். சுரங்கத்தில் இறங்கினவர்கள், அவர்கள் பிள்ளைகள். அந்த ஊர்களில் ஆண்கள் பாட்டுக்குழு என்பது நம் ஊர் பஜனைக் கோஷ்டி மாதிரி, பள்ளத்தாக்குக்கு ஒன்று. 1913-ல் செங்கெனித் என்கிற ஊர்ச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் போனார்கள். 1966-ல் அபர்வான் என்ற ஊரில் சுரங்கக் கழிவுமலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள். அதற்கப்புறம் அந்த ஊர் ஆண்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு ஆரம்பித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து அழ முடியவில்லை, சேர்ந்து பாடினார்கள். தர்மக் காரியங்களுக்குப் பாடினார்கள்.

மண்டி அண்ணாச்சி வீடியோவை முழுக்கப் பார்த்தார். "நாலு விதமாப் பாடுறாங்க, ஒண்ணாவும் கேக்குது. நம்ம ஆளுங்க எட்டுப் பேரும் மெயின் பாட்டுத்தான் வேணும்பான், கோரஸுக்கு ஒருத்தன் வரமாட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்கும் லேடி வாய்ஸ் கிடையாதா?" என்று கேட்டார்.

பாலுவுக்காகக் கச்சேரி போட்டோம். நோட்டீஸ் கீபோர்டு அண்ணன் பிரஸ்ஸில் ஓசியில் அடித்தார்கள். 'நம் பாலுவின் சிகிச்சைக்காக' என்று கொட்டை எழுத்தில். எங்கள் பக்கம் எந்த விசேஷமும் வெடி போட்டுத்தான் ஆரம்பிக்கும். அன்று போடவில்லை. நடுவில் எங்கோ இரண்டு தெரு தள்ளிக் கல்யாண வீட்டில் ஒன்று போட்டார்கள். முன்வரிசை மொத்தமும் தோளைக் குறுக்கிக்கொண்டது. முன்வரிசையில் யார் என்று அப்போதுதான் கவனித்தேன். அந்த அறையிலிருந்த மற்ற மூன்று பேரின் குடும்பங்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். உண்டியல் டின் போனபோது, செத்துப்போன அந்தப் பெண்ணின் மகன், எட்டு வயதிருக்கும், பத்து ரூபாய் போட்டான்.

வசூல் 62,480. மேடைக்குப் பின்னால் அதை எண்ணி முடித்ததும் சண்டை ஆரம்பித்தது.

"நாலாப் பிரிங்கப்பா. பிடி அரிசி போட்டவன் என் பிள்ளைக்கு மட்டும்னா போட்டான்?" என்றார் அண்ணாச்சி.

"நோட்டீஸுல இருக்கிற பேருக்குத்தான் சனம் காசு போட்டுச்சு. அண்ணன் உசுரோட போராடிக்கிட்டு இருக்காரு. ஏப்பா பி.காமு, நீ சொல்லு. கணக்குப்படி எது சரி?" என்றார் டிரம்ஸ்காரர்.

கணக்குப்படி டிரம்ஸ்காரர் சொன்னதுதான் சரி. ஒரு காரியத்துக்கென்று வாங்கின காசை இன்னொரு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இன்சூரன்ஸ்காரர் பாட்டை முடித்துவிட்டு, "நம் பொருளாளர் கணக்கு வாசிப்பார்" என்று கூப்பிட்டுவிட்டார். மைக் முன்னால் போய் நின்றேன். அந்தப் பையன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"மொத்தம் 62,480. நாலு குடும்பத்துக்கும் தலைக்கு 15,620" என்று வாசித்துவிட்டேன்.

கை தட்டினார்கள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்தார். டிரம்ஸ்காரர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் பணத்தைக் கொடுக்கப் போனபோது மதினி எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "காசைப் பங்கு போட்டீங்களே தம்பி, ஆஸ்பத்திரிச் செலவையும் நாலாப் பங்கு போட்டீங்களா?"

தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் ஒட்ட இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. மதினி கம்மலை வைத்தார்கள். நான் அடகுக்கடை வரை கூடப் போனேன். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை. பாலு அண்ணனிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு என் பக்கத்துல உக்காந்திருந்துச்சுடா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த பங்குனிக்கு மேடை ஏறினார். வலது கை விரல்கள் மடங்கவில்லை, மைக்கைப் பிடிக்க வராது. கையில் மைக்கோடு மேடையெல்லாம் நடந்து பாடுகிறவர், ஸ்டாண்டுக்கு முன்னால் ஸ்கூல் பையன் மாதிரி நின்று மூன்று பாட்டுப் பாடினார். மூச்சு விடாத அந்தப் பாட்டை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டோம். அதைக் கேட்டுச் சீட்டு வந்தால் கீபோர்டு அண்ணன் வாங்கி, படிக்காத மாதிரி மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். இப்போது காதோரம் மினுக்குவதில்லை. அண்ணாச்சி மண்டியில் சிட்டை எழுத இடதுகையில் பழகிக்கொண்டிருக்கிறார்.

கோரஸ் ஆரம்பித்திருக்கிறோம். அண்ணாச்சியே முதல் ஆளாக வந்து நின்றுகொண்டார், மற்றவர்கள் வெட்கப்பட்டு வந்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், வாயை மட்டும் அசைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தர்மக் கச்சேரிகளுக்கு இப்போது மதினியும் வருகிறார்கள். பாட்டுக் கேட்க அல்ல. உண்டியல் டின்னைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். சில்லறையை என் பக்கம் தள்ளிவிட்டு நோட்டை அவர்கள் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்துத் தொகையைச் சொல்லுமுன், "நோட்டீஸுல எத்தனை பேரு போட்டிருக்கு?" என்று ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்பார்கள்.